இடது கையின் சம்மதம்

“உங்க இடது கை கடைசியா எப்ப சந்தோஷமா இருந்துச்சு?”

டாக்டர் ஜெசிந்தா ஒருமுறை துளசிமணியிடம் இப்படிக் கேட்டார். துளசிமணி சிரித்துவிட்டாள். கைக்கு ஏது சந்தோஷம், காலுக்கு ஏது கவலை என்று நினைத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் பார்வை துளசிமணியின் முகத்தில் இல்லை. மேசைமேல் கிடந்த இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அது வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிடும் என்பதைப் போல.

துளசிமணிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. பள்ளிக்கூடம் அதனால்தான் பாதியில் நின்றது. பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். கல்யாணமும் ஆயிற்று. ஒருநாள் வேலையிலேயே வலிப்பு வந்து, ஓடிக்கொண்டிருந்த ஊசியின்மேல் சாய்ந்துவிட்டாள். அதற்கப்புறம்தான் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலையைத் திறந்தார்கள். மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கிற நரம்புக் கற்றையை வெட்டிவிட்டால் வலிப்பு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவாது என்றார்கள். வெட்டினார்கள். வலிப்பு நின்றது.

இடது கை ஆரம்பித்தது.

வலது கை பீரோவிலிருந்து நீலப் புடவையை எடுத்தால் இடது கை பச்சையை இழுக்கும். வலது கை ஜன்னலைச் சாத்தினால் இடது கை திறந்துவிடும். மெஷினில் துணியை நேராக நகர்த்தித்தர வேண்டியது இடது கையின் வேலை. அதுவோ பாதித் தையலில் துணியை உருவி மடியில் போட்டுக்கொண்டு, அதன் மெத்தென்ற பக்கத்தைத் தடவிக்கொண்டிருக்கும். லைன் சூப்பர்வைசர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

“உன்ர கையச் சரிபண்ணிட்டு வா அம்மிணி. சீட்டு எங்கயும் போகாது” என்று அனுப்பிவிட்டார்.

“வீட்டுக்குள்ளயே சக்களத்தி வந்துட்டா மாமா” என்று துளசிமணி வீட்டுக்காரன் தனசேகரிடம் சொன்னாள். சாயப்பட்டறையில் வேலை செய்பவன் அவன். நகக்கண்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

“ஒருத்தியக் கட்டுனதுக்கு ரெண்டு பேரா? எனக்கு லாபந்தான்” என்று அவன் சிரித்தான்.

பக்கத்தில் படுத்தவனின் தோளை அந்தக் கை பிடித்துத் தள்ளிய பிறகு அவன் சிரிப்பதை விட்டுவிட்டான். துளசிமணி தள்ளவில்லை. ஆனால் தள்ளியது அவள் கை. அதை அவனுக்கு எப்படிச் சொல்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் எப்போதும்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அறுவை சிகிச்சைத் துறையின் தலைவர் டாக்டர் சம்பந்தம் நல்ல செய்தி வைத்திருந்தார். முடியைவிட மெல்லிய கம்பிகளால் செய்த செயற்கைப் பாலம் ஒன்று வந்திருக்கிறது. தலைக்குள் வைத்துவிட்டால் இடது கை சொன்னதைக் கேட்கும்.

“வலிப்பு திரும்ப வராதுங்களா?” என்று தனசேகர் கேட்டான்.

“வராது. இது ஒருவழிப் பாதை. பேசற பாதியில இருந்து அந்தப் பக்கம் உத்தரவு போகும். அங்கிருந்து எதுவும் திரும்பி வராது. அதனால வலிப்பும் தாவாது.”

“அப்ப நாள் குறிச்சிருங் டாக்டர்” என்றாள் துளசிமணி. அவளுக்கு மெஷின் வேண்டும், வீட்டில் பழைய பேச்சு வேண்டும், கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையாலும் சண்டையில்லாமல் தலை பின்ன வேண்டும். அவள் முடிவு செய்துவிட்டாள். ஒன்றை முடிவு செய்தால் மாற்றிக்கொள்கிறவள் அல்ல அவள்.

டாக்டர் ஜெசிந்தாதான் தடுத்தார். நாகர்கோவில்காரர், மூளை பற்றிய ஆராய்ச்சிக்காக அங்கே இருந்தார். பாலம் வைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை கட்டாயம் என்று ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவை ஒப்புக்கொள்ள வைத்தவரும் அவரே.

“என்ன சோதனைங்க?”

“அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களான்னு.”

“பேயிங்களா?”

“பேய் இல்லம்மா. கேளுங்க. மூளையில இடது பாதி வலது கையை ஆட்டுது, வாயால பேசுது. ‘நான்’னு சொல்றது அதுதான். வலது பாதி இடது கையை ஆட்டுது. அதுக்கு வாய் இல்ல. காது கேக்கும், எளிய வார்த்தை புரியும், கோவம் வரும், ஆசை வரும். சம்பந்தம் சார் மாதிரி நிறையப் பேர் என்ன சொல்றாங்கன்னா, பேசற பாதியிலதான் ஆள் இருக்கு, மத்தது வெறும் பழக்கம், மாடு செக்கு சுத்தற மாதிரி.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“பிறக்கும்போதே ஒவ்வொரு மண்டைக்குள்ளயும் ரெண்டு பேர் இருக்காங்கன்னு நான் நினைக்கிறேன். உங்களுக்குள்ள, எனக்குள்ள, சம்பந்தம் சாருக்குள்ள. நடுவுல பாலம் இருக்கறதால ரெண்டு பேரும் ஒத்துப்போயிடறாங்க. இல்லன்னா, ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்கறதால இன்னொருத்தர் இருக்கறதே தெரியறதில்ல. உங்களுக்குப் பாலத்தை வெட்டிட்டோம். அதனால அவங்க வெளிய தெரியறாங்க.”

“அவங்களுக்கு ஒருவழிப் பாலம் வச்சா?”

டாக்டர் ஜெசிந்தா அந்த இடது கையைப் பார்த்தபடி சொன்னார். “எல்லாம் பாப்பாங்க, எல்லாம் கேப்பாங்க. கை மட்டும் அவங்களோடதா இருக்காது. அவங்க ‘வேண்டாம்’னு நினைச்சாலும் அது யாருக்கும் தெரியாது. சாகற வரைக்கும்.”

சோதனை நடந்தது. கண்ணில் ஒரு கண்ணாடி மாட்டினார்கள். பார்வையின் இடது ஓரத்தில் மட்டும் படம் தோன்றி மறையும். பேசுகிற பாதிக்கு அது தெரியாது. மேசையில் ஒரு தட்டு. அதில் சாவி, ஸ்பூன், சீப்பு, நூல்கண்டு. கண்ணாடியில் பார்த்த பொருளை இடது கை எடுத்து எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டர் சம்பந்தத்தின் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இடது கை சரியான பொருளையே எடுத்தது. டாக்டர் கையை நீட்டினார். அது கொடுக்கவில்லை. சாவியைப் பிடித்தபடியே தயங்கி, மெல்லப் பின்வாங்கித் தட்டிலேயே வைத்துவிட்டது. சீப்பும் அப்படியே. நூல்கண்டும் அப்படியே.

“பாத்தீங்களா” என்றார் டாக்டர் சம்பந்தம். “எடுக்கறது பழக்கம். எதிர்ல ஒருத்தர் கேக்கறார், அவருக்குக் குடுக்கணும்னு தோணறதுக்குத்தான் உள்ள ஒரு ஆள் வேணும். உலகம் பூரா இதுதான் அளவுகோல். இங்க ஆள் இல்ல.”

சோதனை முடிவை டாக்டர் ஜெசிந்தாவும் ஏற்க வேண்டியதாயிற்று. நாள் குறித்தாயிற்று. பேருந்தில் வரும்போது துளசிமணி நிம்மதியாகத் தூங்கினாள். இடது கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றில் விரலை அசைத்துக்கொண்டிருந்ததைத் தனசேகர்தான் பார்த்தான்.

இரண்டு நாள் கழித்து அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் பிசைவது வலது கை மட்டும்தான். இடது கையைச் சேர்த்தால் மாவை உருட்டி விளையாட ஆரம்பித்துவிடும். அந்த லைன் வீட்டில் அடுத்த வாசல் கலாமணியக்காவுடையது. அவர் உள்ளே வந்தார்.

“ஒரு கொத்து கருவேப்பிலை இருந்தாக் குடு கண்ணு. தாளிக்கப் போட்டுட்டு ஓடியாந்தேன்.”

“கை மாவா இருக்குதுங்க்கா. அந்த டப்பால...” என்று துளசிமணி சொல்லி முடிப்பதற்குள் இடது கை டப்பாவைத் திறந்து ஒரு கொத்தை எடுத்துவிட்டது. கலாமணியக்கா கையை நீட்டினார். இடது கை தயங்கியது. பின்வாங்கியது. கொத்தைக் கொண்டுபோய் அவர் பக்கமாகச் சமையல் மேடையில் வைத்துவிட்டு விலகிக்கொண்டது.

கலாமணியக்கா சிரித்தபடி எடுத்துக்கொண்டார். “உன்ர பீச்சாங்கைக்கு இருக்கற மரியாதை என்ர மருமகளுக்கு இல்ல போ. அவ நேத்து திருநீறையே பீச்சாங்கையில நீட்டறா.”

அவர் போய்விட்டார். துளசிமணி இடது கையைப் பார்த்தாள்.

அவள் பிறக்கும்போதே இடது கைப் பழக்கம் உள்ளவள். அது அவளுக்கே மறந்துபோயிருந்தது. சாப்பிடும்போது அம்மா துண்டால் அந்தக் கையை முதுகுப் பக்கமாகக் கட்டிவைப்பார். யாருக்காவது எதையாவது நீட்டினால் புறங்கையில் ஒரு அடி. ‘பெரியவங்களுக்குப் பீச்சாங்கையில குடுப்பியா?’ பள்ளிக்கூடத்தில் டீச்சரின் ஸ்கேல். வலது கை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. இடது கை ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொண்டது, பெரியவர்கள் கையில் எதையும் கொடுக்கக் கூடாது.

இது மாடு செக்கு சுற்றுவது இல்லை. எதிரே இருப்பவர் யார், அவருக்கு என்ன மரியாதை, என்ன செய்தால் அடி விழும் என்று பார்த்துப் பார்த்து நடக்கிற ஒருத்தி.

மாவை அப்படியே மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவி, கோயமுத்தூர் பேருந்தில் ஏறினாள்.

டாக்டர் ஜெசிந்தா கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அந்தச் சோதனையை எழுதினது வேற நாட்டுல, அங்க எந்தக் கையில குடுத்தாலும் ஒண்ணுதான். நாங்க இங்க உக்காந்துக்கிட்டு அதை அப்படியே வச்சுப் பாத்திருக்கோம். நான் கடையில மீதிச் சில்லறையக்கூட இடது கையில வாங்கமாட்டேன், தெரியுமா?”

“மறுபடி வைங் டாக்டர்.”

“வச்சா முடிவு மாறலாம். உங்களுக்குப் பாலம் கிடைக்காமப் போகலாம். வேலை?”

“ஒருத்தி இருக்கறான்னு தெரிஞ்சுபோச்சுங்க. தெரியாத மாதிரி இருக்க எனக்கு வராது. வைங்க.”

மறு சோதனைக்குத் தனசேகரும் வந்தான். அன்று அவன் லீவு போட்டுவிட்டு அவளை வண்டியிலேயே கூட்டிவந்திருந்தான். “ஏம்புள்ள, நல்லாத்தானே முடிவு பண்ணியிருந்த” என்று வழியில் ஒரு டீக்கடையில் கேட்டான்.

“அன்னைக்குத் தெரியாதுங் மாமா.”

இந்த முறை டாக்டர் ஜெசிந்தா கையை நீட்டவில்லை. “எடுத்ததை மேசையில வச்சிருங்க, போதும்” என்றார். சாவி வந்தது. சீப்பு வந்தது. நூல்கண்டு வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. டாக்டர் சம்பந்தம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சரி. ஆள் இருக்குன்னே வச்சுக்குவோம்” என்றார். “அவங்களையே கேட்டிருவோமே, பாலம் வேணுமா வேண்டாமான்னு.”

மேசையில் மூன்று அட்டைகள் வைத்தார்கள். சரி. வேண்டாம். தெரியாது. கண்ணாடியின் இடது ஓரத்தில் கேள்வி தோன்றி மறைந்தது. இரண்டு டாக்டர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனசேகர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான்.

இடது கை ‘சரி’ என்ற அட்டையை எடுத்து முன்னால் வைத்தது.

“முடிஞ்சது” என்றார் டாக்டர் சம்பந்தம். “ரெண்டு பேர் சம்மதமும் இருக்கு. இதுக்கு மேல யாரும் குறை சொல்ல முடியாது.”

தனசேகர் மூச்சு விட்டான். டாக்டர் ஜெசிந்தாகூடத் தலையாட்டினார். துளசிமணி மட்டும் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையை வைத்த கை மடங்கி, மடியில் போய் ஒடுங்கியிருந்தது. அந்த ஒடுக்கம் அவளுக்குத் தெரிந்தது. பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, மாமன்மார் ‘என்னம்மிணி, சம்மதந்தானே?’ என்று கேட்டார்கள். அவளும் இப்படித்தான் சொன்னாள்.

“இந்தச் ‘சரி’ செல்லாதுங் டாக்டர்.”

“ஏன்?”

“இத்தனை பேர் உக்காந்து பாத்துட்டிருந்தா நாங்க வேற என்ன சொல்லுவோமுங்? எல்லாரும் வெளிய போங்க.”

“துளசி” என்றான் தனசேகர்.

“நீங்களும்தானுங் மாமா.”

டாக்டர் ஜெசிந்தா கண்ணாடியில் இரண்டு கேள்விகளை ஏற்றினார். “முதல்ல, ‘நீ யார்?’ அடுத்தது, ‘பாலம் வேண்டுமா?’ பேனாவும் பேப்பரும் இருக்கு. நீங்க உதவி பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஏசி ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. துளசிமணி வலது கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அம்மா துண்டால் கட்டியதைப்போல, ஆனால் இந்தக் கையை.

இடது கை நெடுநேரம் அசையவில்லை. பிறகு பேனாவைத் தொட்டது. விலகியது. மறுபடி தொட்டது. யாரும் அடிக்கவில்லை. பேனாவை எடுத்தது, ஸ்பூனைப் பிடிப்பதுபோல முழு முஷ்டியில். பேப்பரில் கோடு இழுத்தது. எழுத்துக்கள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனுக்கு, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல வந்தன.

துளசிமணி.

பேசுகிற இவள் அவளுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். அங்கே இருந்தவளுக்கு அப்படி ஒரு பெயரே இல்லை. அவளுக்கும் அம்மா வைத்த பெயர்தான். அந்த அம்மாவுக்குப் பிறந்து, அந்த அடியை வாங்கி, அந்தத் தெருவில் வளர்ந்து, அந்தத் தாலிக்குக் குனிந்தவள். வாய் இவளிடம் இருந்ததால் ‘நான்’ என்று இவள் சொல்லிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி வந்திருக்க வேண்டும். இடது கை பேனாவை வைத்துவிட்டு, கொஞ்சமும் தயங்காமல் ‘வேண்டாம்’ அட்டையை எடுத்தது. மேசையில் வைக்கவில்லை. விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

கதவைத் திறந்து எல்லோரும் உள்ளே வந்தபோது துளசிமணி எழுந்து நின்றாள்.

“பாலம் வேண்டாமுங்.”

“யார் சொல்றது?” என்றார் டாக்டர் சம்பந்தம்.

“ரெண்டு பேரும்.”

“இங்க பாரும்மா. உன் கையெழுத்து இருந்தாலே சட்டப்படி போதும். பேப்பர்ல கோடு போட்ட கைக்காக வாழ்க்கைய வீணாக்காதே. மெஷின்ல எப்படி உக்காருவே?”

“பனியனுக்குக் கைமடிக்கற வேலை இருக்குதுங்க, நூல் பிசிறு வெட்டற வேலை இருக்குதுங்க. துணின்னா அவளுக்கு உசுரு. எந்த வேலை ஒத்துவரும்னு அவகிட்டயே கேட்டுக்கறேன். ரெண்டு பக்கமும் போக வர்ற பாலம் என்னைக்காச்சும் வந்தா சொல்லுங்க. அப்ப வர்றோம்.”

“அது வலிப்போடதான் வரும்.”

“அதையும் அவளைக் கேட்டுத்தானுங் முடிவு பண்ணோணும்.”

டாக்டர் சம்பந்தம் டாக்டர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். தனசேகர் உள்ளே வந்ததிலிருந்து சுவரோரமாக நின்றிருந்தான். இப்போது முன்னால் வந்தான்.

“டாக்டர், நான் ஒண்ணு கேக்கலாமுங்களா? அவகிட்ட. அந்தத் துளசிகிட்ட.”

“வாய்விட்டே கேளுங்க. அவங்களுக்கும் காது இருக்கு. ஆனா இவங்க பேசக் கூடாது.”

தனசேகர் அவள் முன்னால் மண்டியிடுவதுபோல உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. நீலம் படிந்த நகங்களோடு அவன் விரல்கள் மேசையின் விளிம்பைப் பற்றியிருந்தன.

“அன்னைக்கு என்னைத் தள்ளிவிட்டது நீதானே? கோவமில்ல. சும்மாதான் கேக்கறேன். நம்ம கல்யாணத்தப்ப உன்னை யாரும் கேக்கல. நானும் கேக்கல. இப்பக் கேக்கறேன். என்கூட இருக்கறதுல உனக்குச் சம்மதமா?”

பதில் துளசிமணியின் நாக்கு நுனியில் இருந்தது. இவளுக்கு அவனைப் பிடிக்கும். ஆபரேஷன் அன்று தாழ்வாரத்தில் சாப்பிடாமல் நின்றவன் அவன். ‘சம்மதந்தானுங் மாமா’ என்று சொல்லிவிட்டால் அவன் முகம் தெளிந்துவிடும். சொல்லத்தான் வேண்டும் போல் இருந்தது. வாழ்நாளெல்லாம் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்ன வாய் அது. அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. கடித்ததை விடவில்லை.

இடது கை இறுக்கிப் பிடித்திருந்த ‘வேண்டாம்’ அட்டையை மெல்லத் தளர்த்தி மேசையில் கவிழ்த்துப் போட்டது. காலியாக மேசைமேல் ஊர்ந்தது. ‘சரி’யைத் தாண்டிப் போனது. திரும்பி வந்து அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ‘தெரியாது’ என்ற அட்டையை எடுத்தது. மேசையில் வைக்கவில்லை. நேராக நீட்டித் தனசேகரின் கையிலேயே கொடுத்தது.

தனசேகர் அதை வாங்கிக்கொண்டான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், இன்னும் ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல. சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எழுந்து, நாற்காலியில் கிடந்த இரண்டு ஹெல்மெட்டுகளையும் எடுத்துக்கொண்டு கதவு வரை போனான். அங்கே நின்றான். திரும்பி வந்து, அவளுடையதை மட்டும் அவள் இடது கைக்கு எட்டும்படி பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, வண்டி நின்ற பக்கம் போனான்.